புது எடிஷன் எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை?

2024 தீபாவளி லீவு முடிந்து கொடைக்கானல் விடுதிக்குத் திரும்பிய அன்று, நண்பன் ஒருவன் பெட்டியிலிருந்து கனமான புத்தகம் ஒன்றை எடுத்து மேஜை மேல் வைத்தான். எல்லாரும் வாயைப் பிளந்தோம். மூன்றே வாரத்தில் அந்தப் புத்தகத்தால் எங்கள் ஆட்டம் நின்று போனது. அந்தக் கதையைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில், தெரியாதவர்களுக்காக. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ரோல்பிளேயிங் கேம். ஒருவர் கதையை நடத்துவார், அவரை டி.எம். என்போம். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். ஒருவன் வீரன், ஒருவன் பூசாரி, ஒருவன் திருடன். என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். கம்ப்யூட்டர் வேண்டாம், கரண்ட் வேண்டாம். நாலு மணிக்கே மூடுபனி இறங்கி, மழையில் கரண்ட்டும் போய்விடுகிற மலையில் இதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடையாது :-)

எங்களிடம் இருந்தது 2014-ல் வந்த ஐந்தாவது எடிஷன். 2017-ல் அப்போதைய சீனியர்கள் காசு சேர்த்து வாங்கியது. பள்ளி முடித்துப் போகிறவர்கள் அடுத்த செட்டிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். முதல் பக்கத்தில் வாங்கியவர்களின் பெயர், அதன் கீழே அடுத்த செட், அதன் கீழே அடுத்தது. நாங்கள் நாலாவது வரிசை. ஈரத்தில் தாள் உப்பி, அட்டை பிரிந்து, ஓரமெல்லாம் பென்சில் குறிப்புகள்.

நண்பன் கொண்டுவந்தது 2024 செப்டம்பரில் வெளியான திருத்திய பதிப்பு. ஒரே ஆட்டம்தானே என்று இரண்டையும் கலந்து ஆட ஆரம்பித்தோம். தப்பு அங்கேதான். காயம் ஆற்றும் மந்திரத்துக்குப் பழைய புத்தகத்தில் ஒரு எட்டுமுகப் பகடை, புதியதில் இரண்டு. ஒரு சனிக்கிழமை ராத்திரி எங்கள் வீரன் சாகக் கிடந்தான். பூசாரியாக ஆடியவன் இரண்டு பகடையை உருட்டினான்.

"ஒண்ணுதான்டா" என்றான் டி.எம்.

"புது ரூல்ல ரெண்டுடா."

"நாம ஆடறது பழசு."

அரை மணி நேரம் சண்டை. கடைசியில் வீரனாக ஆடியவன் எழுந்தான். "அம்பது டாலர் புத்தகம் வாங்க எங்க வீட்ல முடியாது. இனி நீங்களே ஆடுங்க" என்று போய்விட்டான். பகடையைப் பற்றிய சண்டை இல்லை இது என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

இந்த ஆட்டத்தின் ஜாதகத்தைக் கொஞ்சம் பாருங்கள். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-ல் ஆரம்பித்தது. இரண்டாவது எடிஷன் 1989. மூன்றாவது 2000. மூன்றே வருடத்தில், 2003-ல், அதற்கு ஒரு திருத்தம். 2008-ல் நாலாவது. அது ரொம்பவே மாறிப்போனதால் பலர் பழைய விதிகளை விட்டு நகரவில்லை. அவர்களுக்காகவே 2009-ல் பாத்ஃபைண்டர் என்று, 2003 விதிகளை அடிப்படையாக வைத்து இன்னொரு ஆட்டம் வந்தது. அவசரப்பட்டு மாற்றினால் ஆட்கள் இரண்டாகப் பிரிவார்கள் என்பதற்கு இதுவே சாட்சி. அங்கே நடந்தது பெரிய அளவில், எங்கள் மேஜையில் நடந்தது ஐந்து பேருக்குள். அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்காகப் புது எடிஷனே கூடாது என்று சொல்ல மாட்டேன். பல வருடம் ஆடினால்தான் ஓட்டைகள் தெரியும். எங்கள் புத்தகத்தின் பென்சில் குறிப்புகளே அதற்கு அத்தாட்சி. வெளியீட்டாளர்களும் பிழைக்க வேண்டும். ஆனால் எப்படி மாற்றுகிறார்கள் என்பது முக்கியம். கால் ஆஃப் துலு என்ற ஆட்டம் 1981-ல் வந்தது, 2014-ல் ஏழாவது எடிஷன். இத்தனை எடிஷனுக்குப் பிறகும் அதன் எலும்புக்கூடு மாறவில்லை. பழைய கதைகளைக் கொஞ்சம் தட்டிக் கொட்டினால் இன்றும் ஆடலாம்.

இங்கே குறிஞ்சி 12 வருடத்துக்கு ஒருமுறை பூக்கும். 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது. அப்போது ஐந்தாவது படித்த என்னை அப்பா கூட்டிவந்து காட்டினார். இனி 2030. என்னைக் கேட்டால் எடிஷனுக்கும் கிட்டத்தட்ட அந்தக் கணக்குதான் சரி. பத்து, பன்னிரண்டு வருடம். ஒரு புத்தகம் இரண்டு மூன்று செட் பிள்ளைகளின் கையிலாவது புரள வேண்டும். ஒரு வித்தியாசம் மட்டும் இருக்கட்டும். குறிஞ்சி பூத்து முடிந்ததும் செடி காய்ந்துவிடும். பழைய புத்தகம் அப்படிக் காயக் கூடாது.

எங்கள் சண்டைக்கு வழி சொன்னது பழனி பக்கம் ஆயக்குடியில் இருக்கும் என் அம்மாயி. லீவுக்குப் போனால் திண்ணையில் கரித்துண்டால் கோடு போட்டு ஆடு புலி ஆட்டம் ஆடுவோம். 3 புலி, 15 ஆடு. எல்லா ஆடும் இறங்குவதற்குள் ஓர் ஆட்டை நகர்த்தலாமா கூடாதா என்பதில் ஆளுக்கு ஆள் ஒரு வழக்கம். அதனால் கல்லை எடுக்கும் முன்பே அம்மாயி கேட்டுவிடும், "கண்ணு, உங்க ஊரு ஆட்டமா, எங்க ஊரு ஆட்டமா?" அச்சடித்த புத்தகமே இல்லாத ஆட்டத்தில் சண்டை வராததற்கு அந்த ஒரு கேள்விதான் காரணம்.

அடுத்த வாரம் வீரனைக் கெஞ்சிக் கூட்டிவந்து அதே கேள்வியைக் கேட்டோம். பழைய புத்தகம்தான் என்று முடிவானது. புதியதில் பிடித்த நாலைந்து விதிகளை மட்டும் எல்லாரும் ஒத்துக்கொண்டு, பழையதன் ஓரத்தில் பென்சிலால் எழுதினோம். முதலில் எழுதியது இரண்டு பகடை. எழுதியவன் வீரன்.

பள்ளி முடித்துக் கிளம்பும்போது அந்தப் புத்தகத்தை ஜூனியர்களிடம் கொடுத்தோம். முதல் பக்கத்தில் இன்னும் ஐந்தாறு வரிசைக்கு இடம் இருக்கிறது.