ஸ்பிரிங்வெளிக் குளிரில் ஓர் இகுவானா

கொழும்பிலிருக்கும் அண்ணன் மகன், பச்சை இகுவானாக் குட்டியொன்றின் படத்தை அனுப்பி, "சித்தப்பா, நம்ம லயத்துல வளக்கலாமா?" என்று கேட்டது முதல், உள்ளங்கையில் அடங்கும் அந்த ஜீவன் வாலோடு 5 அடிக்கு மேல் நீண்டு, 15 வருஷத்துக்கு மேலும் ஜீவிக்கக்கூடியதென்பதை எண்ணி மனம் சஞ்சலப்படுகிறது.

ஆகாரத்துக்குப் பிரச்சினையில்லை; வேலிச் செவ்வரத்தையின் இலையையும் பூவையும் ஆவலோடு தின்னும். ஆனால், அமெரிக்க உஷ்ணப் பிரதேசத்துப் பிராணியாகிய அது, சுமார் 35 பாகை வெப்பத்தில் காய்ந்தாலன்றித் தின்றதைச் செரிக்கமாட்டாது. ஃபுளோரிடாவிலேயே குளிர் மிகுந்தால் விறைத்து மரத்திலிருந்து விழுகிற அந்தச் சாது, நமது ஸ்பிரிங்வெளித் தோட்டத்து மார்கழிப் பனியில், தகரக் கூரையின் கீழ் என்ன பாடுபடும்? பகலெல்லாம் விளக்கெரித்தால் மின்கட்டணம் யார் தலையில்? (அவன் தலையிலல்ல!)

1977 முதல் சர்வதேச வியாபாரக் கட்டுப்பாட்டுக்குட்பட்ட இனமாதலால், விற்பவனிடம் அனுமதிப்பத்திரம் உண்டாவென்றும் விசாரித்தேன். "கேட்டுச் சொல்றேன்" என்றவன், இப்போது கிளி வளர்க்கலாமா என்கிறான்.