பென்சிலால் எழுதிய தொகை

மேசை மேல் நீள நோட்டு ஒன்று. பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானப் பதிவேடு. பக்கத்தில் நீலப் பேனா, பென்சில், அழிரப்பர். 

2025 டிசம்பர். வெள்ளிக்கிழமை, பிற்பகல் 3 மணி. திருப்பூரில் ஒரு மாநகராட்சி நடுநிலைப் பள்ளி. எட்டாம் வகுப்பு அறை. கரும்பலகை ஆணியில் தொங்குவது பலகை துடைக்கும் பனியன் வேஸ்ட். வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். மேல்சுவரில் மழை ஒழுகிய தடம், ஜன்னல் வரை.

குழுவில் 24 பேர். வந்திருப்பவர்கள் ஐந்து பேர். தலைமை ஆசிரியை வாசலைப் பார்க்கிறார். கைப்பேசியைப் பார்க்கிறார். மறுபடி வாசலை.

3.20. நான்கு அம்மாக்கள் சேர்ந்து வருகிறார்கள். ஒருவரின் சேலையில் நூல் பிசிறு. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, இரண்டு மணி நேரம் பர்மிஷன் வாங்கியிருக்கிறார். கடைசியாக வருபவர் குழுத் தலைவி. ஏழாம் வகுப்பு மாணவியின் அம்மா. ஓவர்லாக் டெய்லர். பீஸ் ரேட். இங்கே உட்காரும் நேரத்துக்குக் கூலி கிடையாது.

"ஏனுங்க டீச்சர், ஆரம்பிச்சரலாமுங்களா?"

பிள்ளைகளின் பெஞ்சில் பெரியவர்கள் உட்காருகிறார்கள். முழங்கால் இடிக்கிறது. கால்களைப் பக்கவாட்டில் நீட்டிக்கொள்கிறார்கள்.

தலைமை ஆசிரியை வாசிக்கிறார். அடுத்த ஆண்டுக்கான தேவைகள். கழிப்பறைக் கதவு இரண்டு, 7,000. மோட்டாருக்குக் காயில் கட்ட 4,500. மின்விசிறி மூன்று, 7,500. குழாய், பைப் 2,100. மேல்தளம் ஒழுகல், 38,000. சாக்பீஸ், பதிவேடு, ஆய்வகப் பொருள் 9,000. பினாயில், துடைப்பம் வகை 5,000.

பொருள்கள் பேனாவில் இருக்கின்றன. தொகைகள் பென்சிலில்.

கூட்டுத்தொகை 73,100.

பள்ளியில் 212 பிள்ளைகள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பள்ளி மானியம் தலைகளை எண்ணி வருகிறது. 30 பேர் வரை 10,000. 100 வரை 25,000. 250 வரை 50,000. 251 தொட்டால் 75,000. அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைக்குப் போக வேண்டும்.

ஒரு அப்பா விரல் விட்டு எண்ணுகிறார். "இன்னும் 39 பசங்க சேந்திருந்தா முழுசும் வந்திருக்குமுங்க."

தீபாவளிக்கு ஊருக்குப் போன இரண்டு குடும்பங்கள் இன்னும் திரும்பவில்லை. வகுப்பாசிரியை அந்தப் பிள்ளைகளின் பெயர்களைச் சொல்கிறார். யாரும் குறித்துக்கொள்வதில்லை.

நோட்டில் இரண்டு பத்திகள். இடப்பக்கம் 50,000. வலப்பக்கம் 25,000, பாதி மட்டும் வந்தால். வலப்பக்கத்தில் மேல்தளம் இல்லை. மின்விசிறி இல்லை. கதவு, மோட்டார், குழாய், பினாயில் போக 6,400 மிஞ்சுகிறது. சாக்பீஸ் வரிசையில் 9,000 அழிக்கப்பட்டு 6,400 ஆகிறது. தாளில் அந்த இடம் மட்டும் மெலிந்து, வெளிச்சம் தெரிகிறது.

இந்தப் பக்கத்துக்கு முன்னால் நீண்ட பயணம் இருக்கிறது. வட்டார வள மையம். மாவட்டத் திட்ட அலுவலகம். பிறகு சென்னை, கல்லூரிச் சாலை வளாகம். பிறகு டெல்லி, திட்ட ஒப்புதல் வாரியம். அங்கே ஒப்புதலாகும் தொகையில் 60 பங்கு ஒன்றிய அரசுடையது, 40 பங்கு மாநிலத்துடையது. 2024-25ஆம் ஆண்டுக்கு ஒப்புதலானது 3,586 கோடி. அதில் டெல்லி தர வேண்டியது 2,152 கோடி. அந்த ஆண்டு முடிந்தது. பணம் வரவில்லை.

ஒன்றிய அரசின் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை; பணம் நின்றது அதனால். அதில் 2020 தேசியக் கல்விக் கொள்கையை முழுதும் ஏற்கும் நிபந்தனை இருக்கிறது. கொள்கையில் மும்மொழி இருக்கிறது. தமிழ்நாட்டில் 1968 முதல் இரு மொழிதான். 2025 மார்ச் 14 அன்று மாநில நிதிநிலை அறிக்கை, திட்டங்கள் நிற்காமல் மாநிலத்தின் சொந்த நிதியில் நடக்கும் என்றது. மே மாதம் தமிழ்நாட்டின் வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. கேட்ட தொகை வட்டியோடு 2,291 கோடி.

இரண்டாவது பெஞ்சில் ஒடிசாவிலிருந்து வந்த ஓர் அம்மா. பக்கத்தில் ஆறாம் வகுப்பு மகள். தலைமை ஆசிரியை சொல்வதை மகள் ஒடியாவில் சொல்கிறாள். பின்னால் இருக்கும் பீகார்க்காரருக்கு அதையே திரும்பி இந்தியில் சொல்கிறாள். பிறகு எழுந்து நிற்கிறாள்.

"மிஸ், பாத்ரூம் கதவு எப்ப வரும்னு அம்மா கேக்கறாங்க."

தலைமை ஆசிரியை பென்சிலைக் கீழே வைக்கிறார். "ரெண்டு பக்கத்துலயும் போட்டிருக்கு கண்ணு. எது வந்தாலும் முதல் செலவு அதுதான்."

சிறுமி உட்கார்ந்து அதை இரண்டு தரம் சொல்கிறாள்.

வங்கிப் பாஸ்புக் கைமாறுகிறது. இருப்பு சைபர். திட்டப் பணம் இப்போதெல்லாம் பள்ளிக் கணக்கில் வந்து தங்குவதில்லை. இவ்வளவு செலவழிக்கலாம் என்ற வரம்பு மட்டும் வருகிறது. புதிதாகச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர் அந்த சைபரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பக்கத்து அம்மா விளக்குகிறார். அவர் தலையாட்டுகிறார். மறுபடி பார்க்கிறார்.

சுவருக்கு வண்ணம் அடிப்பது பட்டியலில் இல்லை. அது ஒரு முன்னாள் மாணவரின் வாக்குறுதி. சொந்தமாக பனியன் யூனிட் வைத்திருப்பவர். தலைமை ஆசிரியை அவரை அழைக்கிறார். ஸ்பீக்கரில் போடுகிறார்.

"செய்யறேன்னு சொன்னதுதானுங்க டீச்சர், மறக்கலீங்க. அமெரிக்கா ஆர்டர் அப்படியே நிக்குதுங்க. தீபாவளி போனஸே கடன் வாங்கித்தானுங்க போட்டேன். பொங்கல் கழியட்டுமுங்க."

2025 ஆகஸ்ட் 27 அன்று பெரும்பாலான இந்தியச் சரக்குக்கு அமெரிக்காவில் 50 விழுக்காடு வரி விழுந்தது. பள்ளி வாசலிலிருந்து அந்த யூனிட் இரண்டு தெரு தள்ளி இருக்கிறது.

"பரவால்லீங்க தம்பி. தொழிலைப் பாருங்க."

செக்கிங் அம்மா சேலையின் பிசிறை ஒவ்வொன்றாக எடுக்கிறார். "எங்க கம்பெனியில வாரத்துக்கு நாலு நாளுதானுங்க இப்ப." சொல்லிவிட்டுப் பிசிறுகளை உள்ளங்கையில் உருட்டி, ஜன்னலுக்கு வெளியே போடுகிறார். சனிக்கிழமைக் கூலியை எதற்கு எவ்வளவு என்று பிரித்துப் பழகிய கைகள் எல்லாமே. வலப்பக்கப் பத்தியை இங்கே யாருக்கும் இரண்டாம் முறை விளக்க வேண்டியிருக்கவில்லை.

தலைவி நோட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறார். இரண்டு பத்திகளையும் விரலால் தொட்டுப் படிக்கிறார்.

"தீர்மானத்துல எந்தத் தொகைய எழுதுவீங்க டீச்சர்?"

"50,000னு எழுதலாம். அதுதான் விதி."

"தேவை 73,100 தானுங்களே?"

"ஆமா."

"அப்ப அதையே எழுதுங்க. கொடுக்கறவங்க கொறைச்சுக்கட்டும். நாமளா எதுக்குங்க கொறைக்கோணும்?"

பேனா மூடி திறக்கிறது. 73,100. பென்சில் எழுத்தின் மேலேயே எழுதுகிறார். மை காயும் வரை ஊதுகிறார்.

பின் பெஞ்சில் ஒருவர் இதுவரை பேசவில்லை. ஓவிய ஆசிரியர். பகுதிநேரம். 2012இல் 5,000 ரூபாய்க்குச் சேர்ந்தவர். இப்போது 12,500. வாரத்தில் மூன்று அரை நாள் வகுப்பு. அறைக்கு வெளியே, தூண்களில் இருக்கும் மயிலும் காந்தியும் பெருக்கல் வாய்ப்பாடும் அவர் வரைந்தவை. அவர் சம்பளமும் இதே திட்டத்தில்தான் வருகிறது. கையைப் பாதி உயர்த்துகிறார்.

"டீச்சர், முடிஞ்சா ஒரு வரி. பகுதிநேர ஆசிரியர் அடுத்த வருசமும் தேவைன்னு."

அது பள்ளிக் குழுவின் கையில் இருக்கும் விஷயமா என்று ஒருவர் கேட்கிறார். இல்லை என்று தலைமை ஆசிரியை சொல்கிறார். சொல்லிக்கொண்டே எட்டாவது எண்ணைப் போடுகிறார். "பகுதிநேர ஓவிய ஆசிரியர் பணி தொடர வேண்டும்." தொகைக் கட்டம் காலியாக இருக்கிறது. தாள் ஓரத்தில் 12,500ஐ 11 ஆல் பெருக்குகிறார். 1,37,500.

"ஏனுங்க, பதினொண்ணு?" தலைவி கேட்கிறார்.

"மே மாசத்துக்கு இவங்களுக்குச் சம்பளம் கிடையாதுங்க."

தலைவி ஓவிய ஆசிரியரைத் திரும்பிப் பார்க்கிறார். அவர் பெஞ்சின் விளிம்பில் காய்ந்த பெயிண்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கிறார்.

"பன்னெண்டு போடுங்க டீச்சர். மே மாசமும் சாப்பிடோணுமுங்களே."

1,50,000. கையெழுத்துக்காக நோட்டு அடுத்த பெஞ்சுக்குப் போகிறது.