எத்தாளையில் இரு தினங்கள்

இலங்கையின் மேற்குக் கரையோரமாக வடக்கு நோக்கிச் செல்வோர், புத்தளத்தை அண்டியதும் நிலத்தின் தோற்றமே மாறிவிடுவதைக் காண்பர். அடர்ந்த தென்னந்தோப்புகள் மெல்ல விலகுகின்றன. உப்பளங்களின் வெண்மை கண்ணைக் கூசச் செய்கின்றது. காற்றிலே உப்பு மணக்கின்றது. புத்தளம் நகருக்குச் சற்றுத் தெற்கே, பாலாவிச் சந்தியில் இடப்புறமாகத் திரும்பும் பாதை கற்பிட்டிக்குச் செல்கின்றது. மேற்கே பெருங்கடல், கிழக்கே புத்தளக் களப்பு, இவ்விரண்டு நீருக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல் நிலமே கற்பிட்டிக் குடாநாடு. அதிலே, நுரைச்சோலைக்கும் கற்பிட்டிப் பட்டினத்துக்கும் இடையே அமைந்த ஊர்தான் எத்தாளை.

சரித்திர நூல்களில் எத்தாளையின் பெயரைத் தேடினால் அது எளிதிற் கிட்டாது. ஆயினும் அதன் சுற்றுப்புறம் சரித்திரம் அறிந்த பூமி. உலகம் சுற்றிய இப்னு பதூதா 1344ஆம் ஆண்டில் வந்திறங்கி, ஆரியச் சக்கரவர்த்தியால் உபசரிக்கப்பட்ட பட்டாலா என்னும் பட்டினம் புத்தளமே என்பர் ஆராய்ச்சியாளர். கற்பிட்டியிலே ஒல்லாந்தர் 1667இல் தொடங்கி 1676இல் கட்டி முடித்த கோட்டை இன்றும் உறுதி குலையாது நிற்கின்றது. தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் திரட்டி, 1859இல் 'தமிழ் புளூராக்' என்னும் ஆங்கில நூலாக வெளியிட்ட சைமன் காசிச்செட்டி 1807இல் பிறந்ததும் இக் கற்பிட்டியிலேயே. வந்தாரை வரவேற்பது இக் கரையின் பழைய குணம் என்பதை இப்னு பதூதாவின் காலத்திலிருந்தே நாம் அறியலாம்.

அந்தக் குணத்தை அனுபவிக்கும் பேறு அண்மையில் எமக்கும் வாய்த்தது. கொழும்பிலே ஒரே பாடசாலையில் எம்முடன் பத்தாண்டுகள் பணியாற்றி, ஓய்வுபெற்றபின் எத்தாளைக்குத் திரும்பிவிட்ட முஸ்லிம் நண்பர் ஒருவர், ஆண்டுதோறும் எம்மை அழைத்துக்கொண்டேயிருந்தார். நாம் அவரை 'நாநா' என்றும் அவருடைய துணைவியாரை 'ராத்தா' என்றும் அழைப்பது வழக்கம். தை மாதத்தில் பூரணை விடுமுறையும் வாரவிடுமுறையும் சேர்ந்து வரவே, குடும்பத்தார் நால்வரும் புறப்படுவதென முடிவாயிற்று.

நால்வர் என்று எழுதிவிட்டோம். எமது வீட்டில் ஐந்தாவதாக ஒருவன் இருந்தான். அவன் பெயர் மணி. பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு மழை நாளில், வீதிக் கானுக்குள் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த நாட்டு நாய்க்குட்டியை எம் மனைவியார் சேலைத் தலைப்பிற் பொதிந்து வந்தார். அன்று முதல் அவன் எம் வீட்டுப் பிள்ளை. மூத்த மகன் நடை பழகியது மணியின் முதுகைப் பிடித்து. இளைய மகள் எழுத்துக் கற்றது அவனைப் பக்கத்திலே கிடத்திக்கொண்டு. அண்மைக்காலத்தில் மணிக்குக் கண் மங்கியிருந்தது, சிறுநீரகமும் தளர்ந்திருந்தது. மிருக வைத்தியர் நான்கு மணித்தியால மோட்டார்ப் பிரயாணம் அவனுக்கு ஆகாது என்றார். அதனால் மனைவியாரின் சின்னம்மா அவனுடன் வீட்டில் தங்க இசைந்தார். மணிக்கு அவரிடம் எங்களிலும் பார்க்க ஒரு படி கூடிய பாசம். சோறு பிசைந்து வைக்கும் கை அவருடையதல்லவா!

எத்தாளையை அடைந்தபோது மாலையாகிவிட்டது. வழியிலே நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கியைக் கண்டோம். 2011இல் முதற் பகுதி இயங்கத் தொடங்கிய அந்நிலையம் இன்று 900 மெகாவாற்று மின்சாரத்தை உற்பத்தி செய்யும் ஆற்றலுடையது. அதற்கு அப்பால் காற்றாலைகளின் நெடிய கரங்கள் கடற்காற்றிற் சுழன்றுகொண்டிருந்தன. வீதியோரத்தில் கழுதைகள் எவரையும் பொருட்படுத்தாது மேய்ந்தன. பிள்ளைகளுக்குக் கழுதையைக் கண்ட மகிழ்ச்சியே பெரிதாயிருந்தது.

நாநாவின் வீட்டைச் சூழச் சின்ன வெங்காயமும் மிளகாயும் பயிராகியிருந்தன. மணலிலே இத்தனை பசுமையா என்று நாம் வியந்தபோது அவர் எங்களைக் கிணற்றடிக்கு அழைத்துச் சென்றார். ஒரு வாளி நீர் மொண்டு தந்தார். அது இனித்தது! இருபுறமும் உப்பு நீர் சூழ்ந்த இடத்தில் இஃது எங்ஙனம் என்று மகன் கேட்டான். பெய்யும் மழை மணலினூடே இறங்கி, அடியிலுள்ள உப்பு நீரின்மேல் மிதந்து நிற்கின்றது; நன்னீர் உப்பு நீரினும் இலேசானது. அளவாக இறைத்தால் இனிய நீர் கிடைக்கும். பேராசையுடன் இயந்திரம் பூட்டி இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலே ஏறிவிடும். வயலுக்கு மிகையாக இடும் உரமும் மணல் வழியே இறங்கிக் கிணற்றைக் கெடுக்கின்றது. "இந்த ஊரிலே தண்ணீர் ஒரு அமானிதம், தம்பி. நம்மிடம் ஒப்படைத்த பொருள் மாதிரி" என்றார் நாநா.

மறுநாள் சனிக்கிழமை. விடியுமுன் எழுந்து கற்பிட்டிக் கரையிலிருந்து இயந்திரப் படகிற் கடலுக்குச் சென்றோம். கார்த்திகையின் பிற்கூறு முதல் சித்திரை வரை இக் கடல் அடங்கியிருக்கும். அக்காலத்தில் மீனவர் 'ஓங்கில்' என்று கூறும் டொல்பின்கள் நூற்றுக்கணக்கிற் கூட்டமாக வரும். கதிரவன் ஒரு பனையளவு உயர்ந்த வேளை, எமது படகைச் சுற்றிலும் கடல் உயிர்பெற்றது போலாயிற்று. அவை வானிலே துள்ளின. துள்ளியவாறே பம்பரம் போற் சுழன்று வீழ்ந்தன. மகள் கைகொட்டிச் சிரித்த சிரிப்பை நாம் என்றும் மறக்கமாட்டோம். அவள் அவ்வாறு சிரித்து நாம் முன்பு கண்டதில்லை.

பகலுணவுக்கு மீன் ஆணமும் இடியப்பமும், பின்னர் வட்டிலப்பமும் ராத்தாவின் கையாற் கிடைத்தன. மாலையில் திண்ணையில் அமர்ந்திருந்தபோது பேச்சு மணியைப் பற்றித் திரும்பிற்று. வேலிக்கு வெளியே மிளகாய்த் தோட்டத்தைக் காக்கும் செந்நிற நாயொன்றுக்கு ராத்தா மீன் தலைகளை வைத்துவிட்டு வந்தார். வீட்டினுள் நாயை விடுவது அவர்களது வழக்கமன்று. ஆயினும் அதன் பசியை ஒருநாளும் மறப்பதில்லை. நாநா குர்ஆனிற் கூறப்படும் குகைவாசிகளின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னார். கொடுமைக்கு அஞ்சிக் குகையில் ஒளிந்து, இறைவனருளாற் பல நூறாண்டுகள் உறங்கிய இளைஞர்களுடன், வாயிலிலே முன்னங்கால்களை நீட்டியபடி ஒரு நாயும் கிடந்ததாம். நாம் எமது பங்குக்குத் தருமரின் கதையைக் கூறினோம். உடன் வந்த நாயை விட்டுவிட்டு விண்ணுலகம் புகமாட்டேன் என்று நின்ற அக் கதையை ராத்தா கண்கொட்டாது கேட்டார். நட்புக்கு யானையிலும் நாயே சிறந்ததென நாலடியார் கூறுவதையும் நாநாவே நினைவுபடுத்தினார், தமிழாசிரியரல்லவா?

அப்போதுதான் ராத்தா தமது பழைய நாட்களைப் பற்றி மெல்லச் சொல்லத் தொடங்கினார். அவர் பிறந்த ஊர் மன்னார்த் தீவிலுள்ள எருக்கலம்பிட்டி. 1990ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் வட மாகாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது அவருக்கு இருபது வயது. கையில் எடுக்கக்கூடிய சிலவற்றுடன் படகேறி, அலையிலும் மழையிலும் நனைந்து அவர்கள் வந்து சேர்ந்தது இந்தக் கற்பிட்டிக் கரைக்கே. இக் குடாநாட்டு மக்கள் வந்தவர்களுக்குச் சோறும் நிழலும் தந்தனர். "எல்லாவற்றையும் விட்டு வந்தோம். எனக்கொரு வெள்ளைப் பூனை இருந்தது. படகில் மனுசருக்கே இடம் போதாது. அது கரையிலே நின்று கத்தின சத்தம்..." என்று கூறியவர் அவ்வளவில் நிறுத்தி, தேநீர் கொண்டுவர எழுந்து உள்ளே சென்றார். தமிழராகிய நாம் தலை குனிந்திருந்தோம். அவரோ திரும்பி வந்து முதற் கோப்பையை எமக்கே நீட்டினார்.

ஞாயிறன்று, ஒரு கட்டு வெங்காயமும் கருவாட்டுப் பொதியும் எமது வண்டியில் ஏறின. தலவிலத் திருத்தலத்தில் சற்றுத் தங்கி, புனித அன்னம்மாளின் ஆலயத்தையும் கடலையும் கண்டு, பாட்டுப் பாடியவாறே வீடு திரும்பினோம்.

வாயிலிலே வால் குழைத்து நிற்கும் உருவம் இல்லை. சின்னம்மா மட்டும் நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததுமே பெரியவர்களாகிய எமக்கு விளங்கிவிட்டது. சனிக்கிழமை காலை மணி எழும்பவில்லை. சிறிது தண்ணீர் மட்டும் குடித்தான். அவருடைய மடியிலே தலை வைத்தபடி, வெயில் ஏறுமுன் அடங்கிவிட்டான். அயல்வீட்டுத் தம்பியின் உதவியுடன் கிணற்றடி மல்லிகைக்கு அருகே அவனை அடக்கம் செய்திருந்தார். "தொலைபேசியிற் சொன்னால் நீங்கள் வந்து சேர நாலு மணித்தியாலம். அவன் அதுவரை நிற்கமாட்டான் என்று எனக்குத் தெரியும். பிள்ளைகளின் ஒருநாள் சந்தோஷமாவது மிஞ்சட்டும் என்று இருந்துவிட்டேன்" என்றார் அம் மூதாட்டி.

மகன் ஒன்றும் பேசாது மல்லிகையடிக்குச் சென்றான். மகளோ கணக்குப் போட்டுப் பார்த்தாள். "அந்த நேரம் நாங்கள் ஓங்கில் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றோமா?" என்று கேட்டாள். ஆம் என்று சொன்னோம்; வேறு என்ன சொல்வது? "இனி நான் எத்தாளைக்கு வரவேமாட்டேன்" என்று கூறி அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். வெங்காயக் கட்டு அவிழ்க்கப்படாமலே குசினி மூலையிற் கிடந்தது.

நாம் வீடு சேர்ந்ததை அறிவிக்க எத்தாளைக்குத் தொலைபேசியில் அழைத்தபோது செய்தியையும் கூறினோம். ராத்தா மகளுடன் பேசவேண்டும் என்றார். ஊரையும் உடைமையையும் இழந்த ஒருவருக்கு ஒரு நாயின் மறைவு எம்மாத்திரம் என்று எண்ணி, எமக்கு உள்ளூரக் கூச்சமாகவே இருந்தது. ஆனால் அவர் கேட்டவை வேறு.

"மகள், மணிக்குக் கடைசியாகத் தண்ணீர் கொடுத்தது யார்?"

"சின்னம்மம்மா."

"யாருடைய மடியில் இருந்தது?"

"சின்னம்மம்மாவின் மடியில்தான்."

"அப்படியென்றால் அது தனியாகப் போகவில்லை. என்னுடைய பூனைக்கு அது கிடைக்கவில்லை, மகள். விட்டுவந்த வீடு இப்போது என் கனவில் வருவது குறைவு; அந்தப் பூனை வரும். நீ நல்லாக அழு. அழுதுபோட்டுச் சாப்பிடு."

மகள் அழுதாள், அதன்பின் சாப்பிட்டாள். துயரங்களைத் தராசில் இட்டு, இது பெரிது, அது சிறிது என்று நிறுப்பவர் உண்டு. மிகப் பெரிதை இழந்த அப் பெண்மணி அவ்வாறு நிறுக்கவில்லை. ஒரு சிறுமியின் இழப்பை இழப்பாகவே மதித்தார். இப் பிரயாணத்தில் நாம் கண்டவற்றுள் எல்லாம் பெரியது அதுவே எனலாம்.

வீட்டிலே பிராணி வளர்க்கும் குடும்பங்களுக்கு ஒன்று கூற விரும்புகிறோம். பிள்ளைகள் காணும் முதல் மரணம் பல வீடுகளில் ஒரு நாயினுடையதாகவே இருக்கின்றது. 'அது நித்திரை செய்கிறது' என்று மறைப்பதும், 'நாளைக்கே வேறு குட்டி வாங்கலாம்' என்று வாயடைப்பதும் அவர்களுக்கு உதவா. நடந்ததை நடந்தவாறே கூறுவோம். கூட இருந்து அழுவோம். பிள்ளை தான் சிரித்த வேளையை நினைந்து வருந்துமாயின், அச் சிரிப்பு எவர்க்கும் தீங்கு செய்யவில்லை என்பதை உணர்த்துவோம். ஒரே காலையில் கடலில் மகிழ்ச்சியும் வீட்டில் மரணமும் நேர்ந்தன. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கவில்லை. எத்தாளைக் கிணற்றில் நன்னீரும் உப்புநீரும் ஒரே மணலினுள் இருப்பதை அங்கேயே கண்டோமல்லவா?

நான்காம் நாள் மகளே வெங்காயக் கட்டை அவிழ்த்தாள். அதில் முளைவிட்டிருந்த இரண்டை எடுத்து மல்லிகையடியில் ஊன்றிவிட்டு, ஓங்கில்கள் மறுபடியும் எந்த மாதத்தில் வரும் என்று கேட்டாள்.

எத்தாளைக்குச் செல்ல விரும்பும் அன்பர்கள் புத்தளம் வரை புகைவண்டியிலோ பேருந்திலோ சென்று, அங்கிருந்து கற்பிட்டிப் பேருந்தில் ஏறலாம். கார்த்திகையின் பிற்கூறு முதல் சித்திரை வரை நல்ல காலம். கோட்டையைக் காணுங்கள், கிணற்று நீரை அருந்துங்கள், அங்குள்ளோருடன் அமர்ந்து பேசுங்கள். வீட்டிலே முதிய நாயொன்று இருக்குமாயின், அதன்மேல் அன்புள்ள ஒருவரின் மடியில் அதை ஒப்படைத்துவிட்டுச் செல்லுங்கள்.