ஆறிய கஞ்சி

சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று, இரண்டாம் திருப்பலி முடிந்து பங்கு இல்லத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். ஆறு மாதம் நிறைந்த ஆண் குழந்தையோடு இளம் தம்பதியர் வந்தனர். குருவின் கையால் முதற்சோறு ஊட்டவேண்டும் என்பது அவர்கள் விருப்பம். உடன் வந்த பாட்டியார் பையிலிருந்து பிளாஸ்க் ஒன்றை எடுத்தார். குழைய வேகவைத்த சோற்றுக் கஞ்சி. "எப்போது காய்ச்சியது?" என்று கேட்டோம். செபத்தை எதிர்பார்த்துக் கைகூப்பி நின்றவர்கள் திகைத்தனர். "ஆறரை மணிக்கு சாமி, கோயிலுக்குப் புறப்படும் முன்னால" என்றார் பாட்டியார். அப்போது மணி பத்தைத் தாண்டியிருந்தது.

சமையலறையிலிருந்து நன்கு பழுத்த வாழைப்பழம் ஒன்றை வரவழைத்து, மசித்து, அதையே ஊட்டி ஆசி வழங்கினோம். அவர்களுக்கு நிறைவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. சாமியாருக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைத்திருக்கலாம். அன்று விளக்க நேரமில்லை. இங்கே சொல்கிறோம்.

1998-ஆம் ஆண்டு, குருப்பட்டம் பெற்ற புதிதில், தென்கடற்கரைப் பங்கு ஒன்றில் பணியாற்றிவந்தோம். செப்டம்பர் 8, அன்னை மரியாவின் பிறப்பு விழா. தாய்மார் நிறைந்திருந்த ஆலயத்தில் குழந்தை வளர்ப்பைப் பற்றி மறையுரை ஆற்றினோம். ஈசாக்கு பால்குடி மறந்த நாளில் ஆபிரகாம் பெருவிருந்து அளித்ததைத் தொடக்கநூலிலிருந்து எடுத்துக்காட்டினோம். (அவ்விருந்தைப் பற்றி மறைநூல் கூறுகிறது, அந்தப் பிள்ளைக்கு அன்று யார் எதைக் குழைத்து ஊட்டினார் என்று கூறவில்லை. அது அப்போது நமக்குத் தோன்றவுமில்லை.) பால்மாவுக்கும் பாலூட்டும் புட்டிக்கும் விளம்பரம் செய்வதைத் தடுக்கும் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் மேற்கோள் காட்டினோம். தகர டப்பாவில் வரும் மாவுகளை விட்டுவிட்டு, நம் முன்னோர் தந்த கேழ்வரகையும் ஏத்தங்காய் மாவையும் கொடுங்கள் என்று முழங்கினோம். பலரும் பாராட்டினர்.

அவர்களுள் இறால் உரிக்கும் கொட்டகைக்குச் செல்லும் ஓர் இளந்தாயும் இருந்தார். விடிய நான்கு மணிக்கு வண்டி வந்துவிடும். திரும்ப மாலை ஆகும். ஏழு மாதப் பெண் குழந்தையைப் பார்த்துக்கொண்டவர் பார்வை மங்கிய மாமியார். அவர் அடுப்பருகே செல்வது ஆபத்து. ஆகவே அத்தாய் பிளாஸ்கில் வெந்நீர் வைத்துவிட்டுப் போவார். மாமியார் பசித்த நேரத்தில் டப்பா மாவை அந்நீரில் கரைத்து ஊட்டுவார். நமது மறையுரைக்குப் பின் அவர் டப்பா வாங்குவதை நிறுத்தினார். கேழ்வரகு மாவு அரைத்தார். அது வெறும் வெந்நீரில் கரைத்தால் போதாது, அடுப்பில் கிண்டிக் காய்ச்ச வேண்டும். ஆகவே விடியற்காலை மூன்றரைக்கே கஞ்சி காய்ச்சி, வெந்நீர் இருந்த அதே பிளாஸ்கில் ஊற்றிவைத்தார்.

ஐப்பசி மழையில் ஒருநாள் அக்குழந்தைக்கு வாந்தியும் பேதியும் கண்டது. இரண்டாம் நாள் கண்கள் குழிந்துவிட்டன. நாம் மருத்துவமனைக்குச் சென்றபோது அந்தச் சிறு கையில் ஊசி குத்தி மருந்துநீர் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நமது வழக்கமான ஆறுதல் மொழிகளைச் சொல்லத் தொடங்கினோம். அத்தாய் குரலை உயர்த்தவில்லை. "நீங்க சொன்னபடிதான சாமி செஞ்சோம்" என்றார். அவ்வளவுதான். குழந்தை ஐந்தாம் நாள் வீடு திரும்பியது. அந்தச் சொல் இன்னும் நம்மிடமிருந்து திரும்பிப் போகவில்லை.

கன்னியர் மடத்து மருந்தகத்தில் இருந்த செவிலியர் சகோதரியிடம் சென்று கேட்டோம். அவர் ஒளிவுமறைவின்றிச் சொன்னார்: "மாவை வைக்கலாம், பாதர். கஞ்சியை வைக்கக் கூடாது." கொதிக்கும்போது சாகாத கிருமி வித்துகள் சில உண்டு. பிளாஸ்கில் ஊற்றிய கஞ்சி சூடு தணிந்து வெதுவெதுப்பில் மணிக்கணக்காய் நிற்கும்போது அவை முளைத்துப் பெருகும். கிருமிகள் கக்கும் நஞ்சுகளுள் சில, மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. சமைத்த உணவை இரண்டு மணி நேரத்திற்குமேல் வெளியில் வைக்கக் கூடாது. குழந்தையின் எச்சில் பட்ட கரண்டி கிண்ணத்தில் விழுந்தால், மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். டப்பா மாவாவது வேளைக்கு வேளை புதிதாய்க் கரைக்கப்பட்டது. நாம் அந்தப் பாதுகாப்பைப் பறித்துவிட்டு, மரபு என்ற சொல்லை மட்டும் அவர் கையில் கொடுத்திருந்தோம்.

வீட்டு மாவு நல்லது என்பதில் இன்றும் நமக்கு ஐயமில்லை. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்குமேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. முளைகட்டினால் அதன் மாவுச்சத்து சற்று நெகிழ்ந்து, கஞ்சி பசைபோல் இறுகாது. ஆகவே சிறு வயிற்றுக்கு அதே கிண்ணத்தில் கூடுதல் மாவு சேர்க்கலாம். ஆனால் அது எத்தனை வேலை! கல் அரித்து, இரவெல்லாம் ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி முளைக்கவிட்டு, வெயிலில் உலர்த்தி, முளையைத் தேய்த்து உதிர்த்து, இளஞ்சூட்டில் வறுக்க வேண்டும். ஆலையில் மிளகாய் அரைத்த கையோடு போட்டுவிட்டால் அத்தனையும் பாழ். அரைத்த சூட்டோடு டப்பாவில் அடைத்தால் மூடியில் நீர் வேர்த்துப் பூசணம் பிடிக்கும். பயறு சேர்ப்பதென்றால் அதையும் வறுக்க வேண்டும். நிலக்கடலையில் பூஞ்சை படிந்த ஒரு பருப்பும் இருக்கலாகாது; அதன் நஞ்சு வறுத்தாலும் போகாது. மழைக்காலத்தில் பத்து நாளுக்கு மட்டும் அரைத்துக்கொள்வது நல்லது. ஈரக் கரண்டி டப்பாவுக்குள் போகக் கூடாது. இனிப்பும் உப்பும் முதலாண்டில் தேவையில்லை. தேன் கூடவே கூடாது. பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டுவைக்கும் பாட்டிமார் நம்மீது வருந்தலாம், வருந்தட்டும்.

இத்தனையையும் விடியற்காலை மூன்றரை மணிக்கு எழும் ஒரு பெண்ணிடம் பீடத்தில் நின்று கேட்பது எளிது. அந்தத் தெருவின் அன்பியக் கூட்டத்தில் நாம் தவறை ஒப்புக்கொண்டோம். பெண்கள் நம்மைத் தேற்றவில்லை; கணக்குப் போட்டார்கள். ஒரு வேளைக் கஞ்சிக்குப் பத்து நிமிடத் தீ. அண்டை வீட்டார் மூவர், ஆளுக்கொரு வேளை, தங்கள் உலை இறங்கும் அடுப்பிலேயே காய்ச்சிக் கொடுப்பதாக ஏற்றனர். மாவு மட்டும் அந்த வீட்டில் இருக்கும்.

முதல் மாவைத் தயாரிக்கும் பொறுப்பை நாம் ஏற்றோம். சகோதரியின் மேற்பார்வையில் பங்கு இல்ல மாடியில் கேழ்வரகு உலர்ந்தது. காகம் விரட்டியதும், ஆலைக்குச் சுமந்ததும், வேட்டித் துணியில் சலித்ததும் நாமே. கார்த்திகைத் தொடக்கத்தில் ஒரு கிலோ மாவைப் புதிய டப்பாவில் இட்டுப் பெருமிதத்தோடு கொண்டுபோனோம். மாமியார் மூடியைத் திறந்து முகர்ந்தார். இரு விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். ஒரு சிட்டிகையை நாவில் வைத்தார்.

"ஈரம் கெடக்கு சாமி. இன்னொரு வெயில் காட்டணும்" என்று சொல்லிவிட்டு, சுவரைத் தடவிச் சென்று முறத்தை எடுத்துவந்தார்.