தேயிலை வியாபாரியின் கோழிகள்

நோயுற்ற மனிதனுக்கு மருந்தையும் பத்தியத்தையும் வகுத்துக் கொடுத்த பெரியோர் பலர். ஆனால் அவனுக்குத் துணையாக ஒரு கோழியை விட்டுவைக்கலாம் என்று முதன்முதலில் எண்ணியவர் யாராயிருக்கும் என்ற கேள்வி, சில வருஷங்களாக என்னை விடாமல் பற்றிக்கொண்டு, இந்த மலையடிவாரத்தில் உட்கார்ந்த இடத்திலிருந்தே கடல் கடந்த ஊர்களுக்கும் சரித்திரத்துக்கு முந்திய வயல்வெளிகளுக்கும் என்னை அழைத்துப் போயிருக்கிறது.

என் தேகத்தைப் பிடித்திருப்பது முடக்குவாதம். உடலைக் காக்கக் கடமைப்பட்ட எதிர்ப்புச் சக்தியே பகையாக மாறி, மூட்டுகளின் உள்ளே படர்ந்திருக்கும் மெல்லிய சவ்வைத் தாக்கி வீங்கவைக்கும் வியாதி அது. காலையில் கண் விழித்த பிறகு நெடுநேரம் விரல்கள் மடங்கா. மடங்கிய விரல்கள் நிமிரா. ஹட்டன் வழியாகச் சிவனொளிபாதமலைக்கு ஏறுகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கும் கடைசி ஊராகிய எங்கள் நல்லதண்ணியில், டிசம்பர் மாதத்துப் பௌர்ணமிப் போயா தினம் முதல் மே மாதத்து வெசாக் வரை யாத்திரைக் காலத்தின் வெளிச்சமும் ஜனக்கூட்டமும் இருக்குமே தவிர, மற்ற மாதங்களில் மழையும் மூடுபனியுந்தான் வாசல்வரை வந்து நிற்கும். தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்ற எனக்கு, அந்த மாதங்களில் நோவைத் தவிர வேறு நினைப்பு இல்லாதிருந்த காலம் ஒன்று இருந்தது.

வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்து ஓய்ந்த, லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளில் பக்கத்து வரிசையில் இருக்கும் அம்மாயி, ஒரு நாள் பழைய கொழுந்துக் கூடைக்குள் செவலை நிறத்துப் பெட்டைக்குஞ்சு ஒன்றை வைத்துக் கொண்டுவந்து, என் மடியருகே இறக்கிவிட்டு, "மாஸ்டர், நோவையே நெனச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தா அதுதான் பெருகும். இதுக்கு ரெண்டு குறுணலப் போடுங்க. போடாட்டி அது சும்மா இருக்காது, வந்து கேக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தச் செவலை இப்போது ஒரு சிறு குடும்பத்துக்குத் தலைவி.

தகரக் கூரையும் பலகைச் சுவரும் கொண்ட கூட்டின் கதவில் ஒரு கம்பி நாதாங்கி உண்டு. பனி பெய்த காலைகளில் அந்தக் கம்பி பிடிக்க முடியாதபடி குளிர்ந்திருக்கும். என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர மறுக்கும். உள்ளே கோழிகள் குரல் தாழ்த்திக் கொக்கரித்து அவசரப்படுத்தும்போது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எவராலும் திரும்பிவிட முடியாது. உள்ளங்கையின் ஓரத்தால் நாதாங்கியைத் தள்ளித் தள்ளி ஒருவாறு திறந்தால், செவலை முதலில் தலையை மட்டும் நீட்டி, ஒரு கண்ணால் வானத்தையும் மறு கண்ணால் என் கையையும் பார்த்துவிட்டுத்தான் வெளியே கால் வைக்கும். வைக்கோலுக்குள் முட்டை கிடந்தால் அதை எடுத்து இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் சிறிது நேரம் பொத்தி வைத்துக்கொள்வேன். அப்போதுதான் இட்ட முட்டையின் வெப்பம் மனித தேகத்தின் வெப்பத்தைவிடச் சற்று அதிகம். விறைத்த மூட்டுகள் அந்த இளஞ்சூட்டில் மெல்ல இணங்குவதை நான் பிரத்தியட்சமாக அனுபவிக்கிறேன்.

தேடல் தொடங்கியதற்குக் காரணம் ஒரு புகைப்படம். என்னிடம் படித்து, இப்போது இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை செய்கிற பெண், நான் கோழி வளர்ப்பதைக் கேள்விப்பட்டுச் சந்தோஷப்பட்டு, தன் இல்லத்து வயோதிகர்கள் மடியில் ஆளுக்கொரு கோழியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் படத்தை அனுப்பியிருந்தாள். இது எங்கே ஆரம்பித்தது என்று கேட்டேன். 2010களின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் வடகிழக்கே உள்ள கேட்ஸ்ஹெட் நகரத்தில், ஈக்வல் ஆர்ட்ஸ் என்ற தர்ம ஸ்தாபனம் 'ஹென்பவர்' என்ற பெயரில் நடத்திய முயற்சி அது என்று தெரிந்தது. ஞாபகமறதி நோயால் பீடிக்கப்பட்ட முதியவர் ஒருவர் சில பெண்களின் பெயர்களை ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாராம். விசாரித்தபோது, அவை அவர் முன்னொரு காலத்தில் வளர்த்த கோழிகளின் பெயர்கள் என்று தெரிந்ததாம். அதிலிருந்து பிறந்த யோசனையே பின்னர் பல இல்லங்களுக்குப் பரவிற்று. இதில் ஈடுபட்ட முதியோர்களின் தனிமையும் மனச்சோர்வும் குறைந்தன என்பது நார்த்தம்ப்ரியா பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து கூறிய முடிவு.

ஆனால் ஒரு நல்ல வழக்கம் பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் திடீரென்று உண்டாகிவிடுவதில்லை என்பது என் நம்பிக்கையாதலால், மேலும் பின்னோக்கிப் போனேன். அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாணத்தில் பிறந்த கதாசிரியை ஃப்ளானரி ஓ'கானரின் சரித்திரம் வழியில் எதிர்ப்பட்டது. ஐந்து வயதுச் சிறுமியாயிருந்தபோது, பின்னோக்கி நடக்கும் ஒரு குட்டைக் கோழியை அவர் வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, பாதே செய்திப்படக் கம்பெனியார் அதைப் படம் பிடிக்க வந்தார்கள். தகப்பனாரின் உயிரைக் கொண்டுபோன லூபஸ் என்னும் வியாதி இருபத்தைந்தாவது வயதில் அவரையும் பற்றியது. என் நோய்க்கு நெருங்கிய உறவு அது. அங்கும் எதிர்ப்புச் சக்திதான் சொந்த உடலோடு போர் தொடுக்கிறது. தாயாரின் பண்ணைக்குத் திரும்பி, ஊன்றுகோல்களின் உதவியால் நடந்து, காலைப்பொழுதை எழுத்துக்கும் மீதிப் பொழுதைக் கோழிகளுக்கும் வாத்துகளுக்கும் நாற்பதைத் தொட்ட மயில்களுக்கும் கொடுத்து, 1964இல் முப்பத்தொன்பதாவது வயதில் மறையும்வரை அவர் எழுதியவை உலக இலக்கியத்தில் நிலைத்துவிட்டன. மயிலும் சேவலும் ஒரே முற்றத்தில் நின்ற அந்தப் பண்ணையை நினைக்கும்போது, முருகனைக் கும்பிட்டு வளர்ந்த என் போன்றவர்களுக்கு மனம் இளகாமல் இராது.

அவருக்கும் ஏறக்குறைய நூறு வருஷம் முந்தியவர் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல். 1859இல் வெளிவந்த தம் தாதியியல் நூலில், நாட்பட்ட வியாதிக்காரர்களுக்குச் சிறு பிராணி ஒன்று உத்தமமான துணை என்று அவர் எழுதினார். பிறரைப் பார்த்து மட்டும் எழுதியதல்ல அது. கிரிமியப் போரிலிருந்து திரும்பிய பின்னர் அவரே நெடுங்காலம் படுக்கையோடு கிடந்தவர்.

அதற்கும் முன்னே போனபோதுதான் நான் தேடியது அகப்பட்டது. யார்க் நகரத்தில் வில்லியம் டியூக் என்பவர் இருந்தார். குவேக்கர் என்னும் சமயக் கூட்டத்தைச் சேர்ந்தவர். சித்தப்பிரமை கொண்டவர்களைச் சங்கிலியால் பிணைப்பதும் அடிப்பதும் இருட்டில் அடைத்து வைப்பதுமே சிகிச்சை என்று கருதப்பட்ட அந்தக் காலத்தில், அவருடைய சமயத்தைச் சேர்ந்த விதவைப் பெண்ணொருத்தி 1790இல் அந்நகரத்துப் பைத்தியசாலையில் இறந்துபோக, இப்படி இனி ஒருவரும் சாகக்கூடாது என்று மனம் பதைத்து, 1796இல் அவர் 'ரிட்ரீட்' என்னும் இல்லத்தைத் திறந்தார். அங்கே சங்கிலி கிடையாது. ஜன்னலின் இரும்புச் சட்டங்கள்கூடச் சிறைக் கம்பிகளாய்க் கண்ணில் படாமல், மரச்சட்டங்கள்போலத் தோன்றும்படி செய்யப்பட்டிருந்தன. அவருடைய பேரன் சாமுவேல் டியூக் 1813இல் வெளியிட்ட நூலில் அந்த இல்லத்தை விஸ்தாரமாக வருணித்து, நோயாளிகள் உலாவும் முற்றங்களில் முயல்களும் கடற்காக்கைகளும் வல்லூறுகளும் கோழிகளும் விடப்பட்டிருந்தன என்றும், அவை நோயாளிகளோடு நன்கு பழகின என்றும், அந்தப் பழக்கத்தால் அவர்களுடைய உள்ளத்தில் அன்பும் கூடிவாழும் உணர்ச்சியும் எழுந்தன என்றும் எழுதிவைத்திருக்கிறார்.

இந்த வில்லியம் டியூக்கின் ஜீவனோபாயம் என்ன என்று பார்த்தேன். அவர் ஒரு தேயிலை வியாபாரி.

அதைப் படித்தபோது, ஜன்னலுக்கு வெளியே மலை மலையாய் விரிந்து கிடக்கும் தேயிலையை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் விற்றது சீனத்துத் தேயிலை. ரிட்ரீட் திறக்கப்பட்ட அதே 1796இல்தான் ஆங்கிலேயர் கொழும்பை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினார்கள். ஜேம்ஸ் டெய்லர் இலங்கையின் லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் தேயிலை பயிரிடுவதற்கு இன்னும் எழுபது வருஷங்கள் இருந்தன. எனினும் தேயிலையில் வந்த சம்பாத்தியத்தில் வாழ்ந்த ஒருவர், சங்கிலியைக் கழற்றிவிட்டுக் கோழிகளை உள்ளே விட்டார் என்பதை, தேயிலையில் பிழைத்து அதிலேயே தேய்ந்துபோன ஒரு ஜனசமூகத்தைச் சேர்ந்த என்னால் சாதாரணச் செய்தியாகப் படித்துவிட்டு நகர முடியவில்லை.

மனிதனிடம் கோழி வந்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2022இல் வெளியான ஆராய்ச்சிகளின்படி, உலகத்தில் இதுவரை கிடைத்த மிகப் பழைய வளர்ப்புக் கோழியின் எலும்புகள் தாய்லாந்திலுள்ள பான் நோன் வாட் என்னும் இடத்தில் கிடைத்தவை. வயது ஏறக்குறைய 3,500 வருஷம். காட்டு மரங்களில் அடைந்த செங்காட்டுக்கோழியை, நெல் முதலிய தானியப் பயிர்களே மனிதனுடைய வாசலுக்கு இழுத்து வந்தன என்பது அவ்வாராய்ச்சியாளர்களின் அபிப்பிராயம். ஆனால் என் செவலையின் மஞ்சள் கால்கள் வேறொரு கதை சொல்கின்றன. தானியத்திலும் புல்லிலும் உள்ள மஞ்சள் நிறப்பொருளைத் தோலில் தங்கவைக்கும் அந்தத் தன்மை, தென்னிந்தியக் காடுகளில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து கலந்து வந்தது என்று 2008இல் ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானிகள் காட்டினார்கள். தென்னிந்தியாவிலிருந்து இந்த மலைகளுக்கு வந்த வம்சாவளியின் அடையாளம் என் வீட்டில் எனக்கு மட்டும் உரியதல்ல.

இத்தீவுக்கே உரிய காட்டுக்கோழியும் எங்களுக்கு அயலார் அல்ல. பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத்தின் பெயரை விஞ்ஞானிகள் அதற்குச் சூட்டியிருக்கிறார்கள். இலங்கையின் தேசியப் பறவையும் அதுவே. மலைக்கு மேலே பரந்திருக்கும் சிகர வனத்திலிருந்து விடியற்காலையில் அதன் சேவல் கூவும்போது, என் சேவல் கழுத்தை நிமிர்த்திக் கேட்டுவிட்டுப் பதில் கொடுக்கும். சிவந்த கொண்டையின் நடுவே மஞ்சள் திட்டோடு, நெருப்பு நிறக் கழுத்தும் கருநீல வாலுமாகத் தேயிலையின் ஓரத்தில் அது வந்து நிற்கும் தோற்றத்தைப் பார்க்க, நோவோடும் எழுந்து நிற்பேன்.

கோழி தான் நோயுற்றும் மனிதனுக்கு உபகாரம் செய்திருக்கிறது. இன்று ஜகார்த்தா என்று வழங்கும் பட்டாவியாவில், கிறிஸ்தியான் ஐக்மன் என்ற ஒல்லாந்து வைத்தியர் தம் பரிசோதனைக்கூடத்துக் கோழிகள் கால் துவண்டு விழுவதைக் கண்டார். மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய, தீட்டிய அரிசிச் சோறு அவற்றுக்குத் தீனியாகப் போடப்பட்டிருந்தது. புதிதாக வந்த சமையற்காரர் அதைக் கொடுக்க மறுத்து, தீட்டாத அரிசிக்கு மாறியதும் அவை குணமடைந்தன. பெரிபெரி நோயின் மூலகாரணம் அரிசியின் தவிட்டோடு கழிந்துபோகும் சத்துதான் என்பதற்கு வழி திறந்த அந்த வேலைக்காக ஐக்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது.

எங்கள் லயங்களில் கோழிக்கு எப்போதும் ஓர் இடம் இருந்துவந்திருக்கிறது. தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்துத் தொடங்கும்போது கவ்வாத்துச் சாமிக்கும், ஆலையின் சக்கரத்தைக் காக்கும் ரோதமுனிக்கும் சேவல் நேர்ந்துவிடுகிறவர்கள், வீட்டில் ஒருவர் நோயில் விழுந்தால் ஒரு கோழியைப் பெயர் சொல்லி வளர்ப்பார்கள். அம்மாயி எந்த நூலையும் படித்தவளல்ல. சாமுவேல் டியூக் எழுதிவைத்ததை அவள் ஒரு கூடையில் கொண்டுவந்து கொடுத்தாள். கோழி எந்த வியாதியையும் தீர்ப்பதில்லை. என் மூட்டுகள் இன்றைக்கும் வீங்குகின்றன, மாத்திரையும் நிற்கவில்லை. ஆனால் எல்லோரும் பணிவிடை செய்யும்படி கிடந்தவன், தன் பணிவிடையை எதிர்பார்த்துக் கதவண்டையில் காத்திருக்கும் ஓர் உயிருக்கு உடையவனாகிறான். நோயாளியிடமிருந்து நோய் முதலில் பறித்துக்கொள்வது பிறருக்குத் தேவைப்படுகிறவனாய் இருக்கும் அந்தஸ்தைத்தான். அதைத் திருப்பிக் கொடுக்கும் சிகிச்சையை நான் அற்பமாக எண்ணமாட்டேன்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். என்னைப் போல் முடக்குவாதத்துக்கு மெத்தொட்ரெக்ஸேட் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும். கோழியின் எச்சத்தில் சால்மொனெல்லா என்னும் கிருமி இருக்கக்கூடும். ஆகையால் வைத்தியரைக் கேட்டுக்கொண்டே வளர்க்க வேண்டும். தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். கூட்டைக் கழுவும் வேலையை ஆரோக்கியமுள்ள வேறொருவரிடம் விட வேண்டும். குசினிக்குள் கோழியை விடக்கூடாது.

பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்களில் தலைமுறை தலைமுறையாக அடைபட்டிருந்த எங்கள் ஜனங்களுக்கு, இப்போது சில தோட்டங்களில் ஏழு பேர்ச் நிலத்தில் தனிவீடுகள் எழும்புகின்றன. அவற்றுக்கு வரைபடம் போடுகிறவர்களையும், அந்த வீடுகளில் குடியேறுகிறவர்களையும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுண்டு: வாசலையும் கழிவறையையும் தண்ணீர்க் குழாயையும் குறித்த பிறகு, வெயில் படுகிற மூலையில் நாலடிக்கு நாலடி ஒரு கோழிக்கூட்டுக்கும் இடம் குறித்துவையுங்கள், அந்த வீட்டில் என்றைக்காவது ஒருவர் நோயோடு வாழ நேரும்.