எம்.பி.ஹெச். படிக்கப் போறேன்... அப்பா ஓ.கே. சொன்னா!

''எம்.பி.ஹெச்சா? எம்.பி.பி.எஸ்ஸோட ஒண்ணுவிட்ட தங்கச்சியா அது?''

விஷயத்தைச் சொன்னதும் ஹாஸ்டல் ரூம்மேட் கேட்ட முதல் கேள்வி இதுதான். ரெண்டாவது கேள்வி இன்னும் மோசம். ''நீட்ல கோட்டை விட்டுட்டு சிவிலுக்கு வந்தவளா நீ? சொல்லவே இல்ல!'' இல்ல தாயே, நான் நீட் பக்கமே போனதில்லை. ஊசியைப் பார்த்தாலே தலை சுத்துற டைப். சிவில் இன்ஜினீயரிங், ஃபைனல் இயர், கையில ஒரு அரியர். இதான் என் ஜாதகம்.

மாஸ்டர் ஆஃப் பப்ளிக் ஹெல்த். தமிழ்ல சொன்னா பொது சுகாதாரம். டாக்டர் ஒரு நோயாளியைப் பார்ப்பார். இவங்க ஒரு ஊரையே உட்கார வெச்சு நாடி பிடிப்பாங்க. யாருக்கு வந்துச்சு, எந்தத் தெருவுல வந்துச்சு, ஏன் பக்கத்துத் தெருவுல வரலைனு தோண்டுற வேலை. இது எனக்குத் தெரிய வந்ததே ஒரு கிளாஸ்லதான். மதியம் ரெண்டு மணி, என்விரான்மென்டல் இன்ஜினீயரிங், பாதி பேர் தூக்கத்துல. சார் லண்டன் கதையை எடுத்தார். 1854-ல காலரா வந்தப்போ, ஜான் ஸ்நோங்கிற டாக்டர் செத்தவங்க வீட்டையெல்லாம் விசாரிச்சு, பிராட் ஸ்ட்ரீட்ல இருந்த ஒரு அடிபம்பைச் சுத்தித்தான் சாவு குவியுதுனு கண்டுபிடிச்சார். பம்போட கைப்பிடியைக் கழட்ட வெச்சார். இது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. அதுக்கப்புறம் வர்றவர்தான் நம்ம ஆளு. ஜோசப் பாசல்கெட், இன்ஜினீயர். 1858 கோடையில தேம்ஸ் நதி நாறின நாத்தத்துல பார்லிமென்ட்டே மூக்கைப் பொத்திக்கிச்சு. உடனே இவரைக் கூப்பிட்டு சாக்கடை கட்டச் சொன்னாங்க. நாத்தத்தை விரட்டக் கட்டின சாக்கடை காலராவையும் சேர்த்து விரட்டிடுச்சு. 1866-ல லண்டன்ல கடைசியா காலரா வந்தது, அந்தச் சாக்கடை வேலை இன்னும் முடியாத கிழக்குப் பக்கத்துலதான்.

அன்னிக்கு நான் தூங்கலை. காரணம் பாசல்கெட் இல்ல, எங்க வீட்டுத் தண்ணித்தொட்டி.

சேலம் பக்கத்துல ஒரு பேரூராட்சி எங்க ஊர். அப்பாவுக்கு நாலு தறி. 2017 அக்டோபர்ல நான் ஏழாவது, தம்பி நாலாவது. ஊரெல்லாம் டெங்கு. அந்த வருஷம் தமிழ்நாட்டுல 23 ஆயிரம் பேருக்கு மேல டெங்கு, 65 சாவுங்கிறது அரசுக் கணக்கு. தம்பிக்கு வந்துச்சு. பிளேட்லெட் இறங்க இறங்க, பப்பாளி இலைச் சாறும் நிலவேம்புக் கஷாயமுமா அம்மா ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைஞ்சாங்க. ஒன்பது நாள் கழிச்சு அவன் வீட்டுக்கு வந்துட்டான். எதிர்வீட்டுப் பையன் வரலை. அவனும் தம்பியும் ஒரே பெஞ்ச். அவனுக்கு நாலாவது நாள் காய்ச்சல் விட்டுடுச்சு, சரியாப்போச்சுனு இட்லி எல்லாம் குடுத்தாங்க. டெங்குல காய்ச்சல் இறங்குற அந்த நேரம்தான் ஆபத்தான நேரம்னு அப்போ எங்க தெருவுல யாருக்கும் தெரியாது. மக்களே, இதை மட்டுமாவது ஞாபகம் வெச்சுக்கங்க.

அடுத்த வாரம் செக்கிங் வந்தாங்க. எங்க தொட்டியில டார்ச் அடிச்சுப் பார்த்தா கொசுப்புழு. தெருவே நின்னு வேடிக்கை பார்க்க, வந்திருந்த ஒருத்தர் அம்மாகிட்ட சத்தம் போட்டார். ''உங்களாலதான்மா ஊருக்கே சீக்கு!'' நோட்டீஸும் குடுத்தாங்க. எதிர்வீட்டு அத்தை வாசல்ல நின்னு கேட்டுட்டு இருந்தாங்க. ஒரு வார்த்தை பேசலை. ஆனா, அதுக்கப்புறம் கறிவேப்பிலை கேட்டு எங்க வீட்டுக்கு வர்றதை நிறுத்திட்டாங்க. அம்மா இன்னிக்கு வரைக்கும் அந்த வீட்டை நேரா நிமிர்ந்து பார்க்க மாட்டாங்க.

இந்தப் பத்திரிகைக்கு 'வித்தியாசமான மேற்படிப்புகள்' பத்தி எழுதச் சொன்னப்போ, எம்.பி.ஹெச். படிக்கிற ஒரு அக்காவைப் பார்க்கப் போனேன். பல் டாக்டருக்குப் படிச்சுட்டு இதுக்கு வந்தவங்க. ரெண்டு வருஷப் படிப்பு. எபிடெமியாலஜி, புள்ளியியல், சுகாதாரக் கொள்கை, பொருளாதாரம்னு கலந்துகட்டி வருது. கடைசியில ஒரு ஆய்வு. 1997-ல திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் இன்ஸ்டிட்யூட்லதான் இந்தியாவுல முதல்ல ஆரம்பிச்சாங்களாம். இப்போ வேலூர் சி.எம்.சி., மும்பை டிஸ்னு நிறைய இடத்துல இருக்கு. டாக்டருங்க மட்டும்தான் படிக்கணும்னு நினைச்சேன். இல்லையாம், மத்த டிகிரி படிச்சவங்களையும் எடுக்கிற இடங்கள் இருக்கு. யாரை எடுப்பாங்கங்கிறது இடத்துக்கு இடம் மாறும், அந்தந்த வருஷ அறிவிப்பைப் பார்த்துக்கங்க பாஸ்.

அக்கா என்னை ஃபீல்டுக்கே கூட்டிட்டுப் போனாங்க. நூறு வீட்டைப் பார்த்தா, எத்தனை பாத்திரத்துல புழு இருக்குனு ஒரு கணக்கு. அதுக்கு ப்ரட்டோ இன்டெக்ஸ்னு பேரு. ஃப்ரிட்ஜ் பின்னாடி இருக்கிற ட்ரே, ஆட்டுக்கல், பழைய டயர், கொட்டாங்குச்சி... எல்லாத்தையும் எண்ணினோம். ஒரு வீட்டுல பதினோரு குடம், மூணு டிரம். நான் பாட்டுக்கு ''ஏன் இவ்ளோ அசிங்கமா வெச்சிருக்காங்க?''னு முணுமுணுத்துட்டேன். அக்கா என்னைப் பார்த்தாங்க. ''அசிங்கமா? இந்தக் கொசு நல்ல தண்ணியிலதான் முட்டை போடும். இவங்க ஏன் சேர்த்து வெச்சிருக்காங்கனு கேளு. இங்க தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருது?''

சுரீர்னு இருந்துச்சு. தொட்டிக்குப் பக்கத்துல நின்னு சத்தம் போட்டவர் குரல் என் வாயில இருந்து வந்த மாதிரி.

அன்னிக்கு ராத்திரி ஹாஸ்டல்ல ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். எங்க தொட்டி நாலடி நீளம், மூணடி அகலம், மூணடி ஆழம். கிட்டத்தட்ட ஆயிரம் லிட்டர். 2017-ல எங்க தெருவுக்குத் தண்ணி வந்தது பத்து நாளைக்கு ஒரு தடவை. வீட்டுல நாலு பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 லிட்டர். அப்போ நடைமுறையில இருந்த டிசைன் மேனுவல்ல, பாதாளச் சாக்கடை இல்லாத ஊருக்கே ஆளுக்கு 70 லிட்டர்னு போட்டிருந்துச்சு. அப்புறம் இன்னொண்ணு. ஏடிஸ் கொசு முட்டையில இருந்து பறக்குற கொசுவா மாற, நம்ம ஊர் வெயில்ல எட்டுல இருந்து பத்து நாள். தண்ணி விடுற இடைவெளியும் கொசு வளர்ற இடைவெளியும் ஒரே நம்பர்! அந்த டைம்டேபிளைப் போட்டவங்களுக்கு யாரு நோட்டீஸ் குடுத்தா?

போன வாரம் ஊருக்குப் போனப்போ, சாப்பிட்டு முடிச்சதும் பேப்பரை விரிச்சு அம்மாகிட்ட சொன்னேன். ''அம்மா, உன் தப்பு இல்லம்மா.'' அம்மா பேப்பரைப் பார்க்கவே இல்லை. ''மூடி போட்டிருந்தா?''னு கேட்டாங்க. எனக்குப் பொய் சொல்ல வரலை. துணியை இழுத்துக் கட்டியிருந்தாலே கொசு உள்ள போயிருக்காதுனு சொன்னேன். ''நான் ஒவ்வொரு தடவையும் கழுவிட்டுத்தானே புடிச்சேன்...'' அலசினா போதாது, முட்டை தண்ணி மட்டத்துக்கு மேல செவுத்துல ஒட்டியிருக்கும், காஞ்சாலும் மாசக்கணக்குல சாகாது, தேய்க்கணும்னு சொன்னேன். அம்மா ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் மெதுவா, ''அன்னிக்கு வந்தவங்கள்ல ஒருத்தராவது இதைச் சொல்லியிருக்கலாமே''ன்னாங்க.

அப்பா இதையெல்லாம் தறிக்குழியில இருந்து கேட்டுட்டேதான் இருந்தார். ''அதெல்லாம் சரி பாப்பா. உனக்கு வாங்கின லோனு வட்டியோட ஏறிட்டு இருக்கு. ரெண்டு வருஷம் இன்னொரு படிப்பு, அப்புறம் வேலை எங்க, சம்பளம் எவ்ளோ? இப்ப கம்பெனிக்காரன் வர்றான்ல?'' என்கிட்ட முழுசா பதில் இல்லை. அரசாங்கத்துல, ஆராய்ச்சி நிலையத்துல, தொண்டு நிறுவனத்துல வேலை இருக்குன்னேன். ஆனா, சாஃப்ட்வேர் கம்பெனி மாதிரி கேம்பஸ் வாசல்ல வந்து நிக்காது. அப்பா சொல்றதுலயும் நியாயம் இருக்கு. நாலு தறியில ரெண்டு போன வருஷத்துல இருந்து ஓடலை.

வியாழக்கிழமை கேம்பஸ் இன்டர்வியூ. சட்டையை அயர்ன் பண்ணி வெச்சுட்டேன், போறேன். எம்.பி.ஹெச். அப்ளிகேஷனும் பக்கத்துலயேதான் இருக்கு. 'இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?'னு ஒரு பக்கம் முழுக்கக் காலியா விட்டிருக்காங்க. மூணு தடவை எழுதிக் கிழிச்சுட்டு, நேத்து ராத்திரிதான் முதல் வரி எழுதினேன்.

'நாலடி நீளம், மூணடி அகலம், மூணடி ஆழம்.'