படையின் பல்லும் வாலும்

சென்ற குடியரசு நாளன்று நம் சங்கத்தில் கொடியேற்றம் முடிந்ததும் ஓய்வுபெற்ற படைவீரர்களுக்குச் சால்வை அணிவித்தார்கள். நானும் மேடையேறிப் பெற்றுக்கொண்டு கீழே வந்து அமர்ந்தேன். எட்டு, ஒன்பது வயதிருக்கும் சிறுவன் ஒருவன் அருகில் வந்து நின்றான். “தாத்தா, நீங்க எத்தனை பேரைச் சுட்டீங்க?” என்று கேட்டான். பயிற்சிக் களத்தில் பலகையைச் சுட்டதன்றி, 24 ஆண்டுப் பணியில் நான் எவரையும் சுட்டதில்லை என்றேன். “அப்போ என்ன செஞ்சீங்க?” என்றான். “மாவு நிறுத்தேன், பருப்பு நிறுத்தேன், மண்ணெண்ணெய் அளந்தேன்” என்றேன். சிறுவன் என் சால்வையை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, 1971இல் போர்முனை கண்ட நண்பர் அமர்ந்திருந்த பக்கம் போய்விட்டான்.

அவன்மேல் எனக்கு வருத்தமில்லை. ஊரில் என் தாய்மாமனும் இதே வினாவை விடுத்து, இதே விடையைப் பெற்று, இவ்வாறே எழுந்து போனவர்தாம். எனினும் மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, அச்சிறுவனிடம் சொல்லாமல் விட்டதை எழுதலாம் என்று தோன்றியது.

ஆங்கிலத்தில் எழுதும் படைநூல் ஆசிரியர்கள், எதிரியோடு நேர்நின்று பொருதும் பிரிவுகளைப் பல் என்றும், அவர்களுக்கு உணவும் எண்ணெயும் வெடிமருந்தும் கொண்டு சேர்க்கும் பிரிவுகளை வால் என்றும் குறிப்பிடுவர். நான் பணியாற்றிய ஆர்மி சர்வீஸ் கோர் வாலைச் சேர்ந்தது. அதிலும் கிடங்குக் கணக்கன் என்றால் வாலின் நுனி. நம் பழம்புலவர்களுக்கு வால் அவ்வளவு இழிவாகத் தோன்றவில்லை போலும். புறநானூற்றின் இரண்டாம் பாட்டில் முரஞ்சியூர் முடிநாகராயர் பாடும் சேரமான், பாரதப் போரில் ஈடுபட்ட படைகளுக்குச் சோறளித்தவனாகவே போற்றப்படுகிறான். ‘பெருஞ்சோற்று’ என்னும் அடை அவன் பெயரோடு நிலைத்துவிட்டது. அவன் மெய்யாகவே அளித்தானா என்று ஆராய்ச்சியாளர் வாதிட்டுக்கொள்ளட்டும். சோறு போட்டவனுக்கும் ஒரு பட்டம் உண்டு என்பதே எனக்குப் போதுமானது.

வால் அறுந்தால் பல் என்னாகும் என்பதை 1962ஆம் ஆண்டு நமக்குக் காட்டிற்று. நாம்கா சூ ஆற்றங்கரையில் நம் வீரர் பலர் கோடைக்காலச் சீருடையுடனும் கான்வாஸ் காலணியுடனும் நிறுத்தப்பட்டிருந்தனர். அவ்விடத்துக்கு வண்டிச் சாலை கிடையாது. சாங்தாரில் விமானத்திலிருந்து போடப்பட்ட மூட்டைகள் பல, எவர் கைக்கும் எட்டாமல் பள்ளத்தாக்கில் உருண்டன. அங்கு நின்றவர்களின் வீரத்தில் குறைவொன்றுமில்லை. மறுபுறம், 1999 கார்கில் போரில் நம் பீரங்கிகள் சுமார் 2,50,000 குண்டுகளைப் பொழிந்தன என்பர். போபர்ஸ் பீரங்கியின் குண்டு ஒன்று 40 கிலோவுக்கு மேற்பட்ட எடையுள்ளது. அவை மலைமேல் தாமே ஏறிப் போய்விடவில்லை.

இந்தப் பல், வால் என்ற பாகுபாடும் எப்போதும் பொருந்துவதில்லை. 1948 ஏப்ரலில் நௌஷேராவிலிருந்து ரஜௌரி செல்லும் வழியில் கண்ணிவெடிகளையும் தடைகளையும் அகற்றிய ராம ரகோபா ரானே பொறியாளர் பிரிவினர். முன்செல்லும் டாங்கியின் அடியில் தவழ்ந்துகொண்டே, அதன் ஓட்டுநருக்குக் கயிற்றை இழுத்து இழுத்து வழி சொன்னவர் அவர். பரம் வீர் சக்கரம் பெற்ற அவரை எந்தப் பக்கம் வைப்பது?

பெரியோர் கதை நிற்க, என் கதைக்கு வருகிறேன். 1972இல், அப்போதைய வட ஆற்காடு மாவட்டத்தில் குடியாத்தத்தை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து நான் படையில் சேர்ந்தேன். ஐந்தாண்டுகள் கழித்துக் கார்கில் பகுதியில் ஒரு முன்னணிக் கிடங்கில் நாயக்காக இருந்தேன். காலாட்படையினர் எங்களை ‘மாவு மூட்டை’ என்று கேலி செய்வார்கள். நாங்கள் மட்டும் இளைத்தவர்களா? ரேஷன் வாங்க வரும் அவர்களை, எண்ணத் தெரியாதவர்கள், கேட்க மட்டும் தெரிந்தவர்கள் என்று கிடங்குக்குள் எங்களுக்குள்ளே பேசிச் சிரிப்போம். ஒருவர் வேலை இன்னதென்று மற்றவர் அறியார், அறிந்ததாக எண்ணிக்கொண்டிருந்தோம்.

லடாக்கில் கிடங்கு வேலை என்பது குளிரோடு நடத்தும் பந்தயம். ஸ்ரீநகரிலிருந்து லே செல்லும் சாலை, 11,500 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ள ஜோஜிலா கணவாயைக் கடந்தாக வேண்டும். அந்நாளில் நவம்பரில் பனி மூடினால் கணவாய் மீண்டும் திறக்கச் சித்திரை, வைகாசி ஆகிவிடும். ஆதலின் ஆறு மாதத்துக்கு வேண்டிய கோதுமை மாவு, அரிசி, பருப்பு, டின் உணவு, மண்ணெண்ணெய் அனைத்தையும் அதற்குள் மேலேற்றிச் சேமித்துவிட வேண்டும். அக்டோபர் பிறந்துவிட்டால் இரவு பகல் தெரியாது.

1977 அக்டோபர் இறுதியில், உயரத்திலிருந்த ஒரு காவல்நிலைக்கான கடைசிச் சுமை புறப்பட வேண்டியிருந்தது. குளிர்காலத்தில் காலி செய்யப்படும் நிலைகள் சில உண்டு. இது அவற்றில் ஒன்றன்று. மண்ணெண்ணெயையும் மாவையும் ஒரே வண்டியில் ஏற்றலாகாது என்பது விதி. அன்று வண்டி ஒன்றுதான் இருந்தது. ஜெர்ரிகேன்களின் மூடிகளைத் திறந்து உள்ளிருக்கும் ரப்பர் வளையத்தைப் பார்க்க வேண்டும் என்பதும் விதி. விடியற்காலை மூன்று மணி. கையுறையைக் கழற்றினால் விரல் இரும்பில் ஒட்டிக்கொள்ளும். மூட்டைகளின் பக்கம் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. அதை நான் உணர்ந்தேன். உணர்ந்தும் வவுச்சரில் கையெழுத்திட்டேன். வண்டி போய்விட்டது. நான் தூங்கப் போனேன்.

மறு ஆண்டு ஏப்ரல் இறுதியில் அந்நிலையிலிருந்து ஒரு ஹவில்தார் இறங்கி வந்தார். திருநெல்வேலிச் சீமையில் நாங்குநேரிப் பக்கத்தவர்; என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கோலூன்றி நடந்து வந்து, என் மேசைமீது ஏழெட்டு ஜெர்ரிகேன் மூடிகளை வைத்தார். எவற்றிலும் வளையம் இல்லை. பிறகு செய்தித்தாளில் மடித்திருந்த காய்ந்த ரொட்டி ஒன்றை நீட்டி, “தின்னு பாருங்க தம்பி” என்றார். தின்றேன். ஒரு வாய்க்கு மேல் விழுங்க முடியவில்லை. “இதைத்தான் மூணு மாசம் தின்னோம்” என்று சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் போய்விட்டார். அவர் என்னை அடித்திருந்தால்கூட எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

நான் எங்கள் சுபேதார் சாகிபிடம் சென்று நடந்ததை ஒப்புக்கொண்டேன். எழுத்து மூலமான கண்டனம் கிடைத்தது. அத்தோடு அவர் வேறொன்றும் செய்தார்: ஜூன் மாதம் மேலே சென்ற கோவேறு கழுதைச் சுமையணியோடு என்னையும் அனுப்பினார். ஒவ்வொரு விலங்கின் முதுகிலும் ஏறத்தாழ 70 கிலோ. என் முதுகில் என் படுக்கை மட்டுமே. இரண்டு நாள் ஏற்றத்தில் நான் உட்கார்ந்த இடங்களைக் கழுதையோட்டிகள் எண்ணிச் சிரித்தார்கள்.

காவல்நிலை என்பது கல்லும் மணல் மூட்டையும் தகரமும் சேர்ந்த இரண்டு பொந்துகள். அங்கே அடுப்பின்மேல் ஒரு பாத்திரம் நிறையப் பனி வைத்திருந்தார்கள். அது உருகி அடியில் கையளவு நீரானதும் மேலும் பனியை அள்ளிப் போட்டார்கள். மேலும் அள்ளிப் போட்டார்கள். அங்கே ஓடையில்லை, ஊற்றில்லை. குடிப்பதும் சமைப்பதும் பனியை உருக்கித்தான், உருக்குவது மண்ணெண்ணெயால்தான். அவ்வுயரத்தில் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும் என்பதால் பருப்பு எளிதில் வேகாது. அதற்கும் மண்ணெண்ணெய் வேண்டும். ஐந்தாண்டுகளாக அதை நான் எரிபொருள் என்ற தலைப்பில் எழுதி வந்தேன். அங்கே அதற்குத் தண்ணீர் என்றே பெயர்.

சுவரில் கரிக்கோடுகள் இருந்தன. அடுப்பு எரித்த வேளைக்கு ஒரு கோடு. டிசம்பரில் நாளைக்கு நான்கு கோடுகள். ஜனவரி நடுவில் இரண்டு. மார்ச்சில் சில நாள்களுக்கு ஒன்றே ஒன்று. நான் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றபோது காவல் முடிந்து வந்த ஓர் இளைஞன், நான் யாரென அறிந்தும், தன் தகரக் குவளைத் தேநீரில் பாதியை எனக்கு ஊற்றித் தந்தான்.

ஹவில்தாருக்கு இடக்காலில் இரண்டு விரல்கள் பனிக்கடியால் போயின. மண்ணெண்ணெய்க் குறைவால்தான் போயின என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

கால் அவ்வாறானபின் அவரை மேலே அனுப்பவில்லை. தம் பட்டாளத்துக்கு ரேஷன் வாங்கும் பொறுப்பில் கீழேயே வைத்தார்கள். ஆகவே அந்த ஆண்டு இலையுதிர்காலம் முழுவதும் அவர் எங்கள் கிடங்கிலேயே கிடந்தார். முதலில் என் எடைக்கல்லைச் சந்தேகத்தோடு பார்த்தார். நான் ஒவ்வொரு மூடியையும் திறந்து காட்டினேன். சில நாளில் அவரே என்னோடு அமர்ந்து வளையம் மாட்டத் தொடங்கினார். வண்டிகள் எப்போது வருகின்றன, ஓட்டுநர்கள் எப்போது தூங்குகிறார்கள், பத்து டன்னை இறக்க எத்தனை கைகள் இருக்கின்றன என்பதெல்லாம் அவர் அதுவரை எண்ணிப் பார்த்திராதவை.

1978 நவம்பர் முதல் வாரத்தில், கான்வாயில் வந்துகொண்டிருந்த ஒரு வண்டி ஜோஜிலாவில் சறுக்கிப் பள்ளத்தில் வீழ்ந்தது. ஓட்டுநர் அரியானாவைச் சேர்ந்த இளைஞர். முந்திய வாரம் எங்கள் லங்கரில் உண்டு சென்றவர். செய்தி வந்தபோது ஹவில்தார் என் எதிரே அமர்ந்திருந்தார். “வண்டியில என்ன தம்பி இருந்தது?” என்றார். பட்டியலைப் பார்த்து, பருப்பு, பால்பவுடர், டின் காய்கறி என்றேன். “யாருக்கு?” என்றார். அவருடைய பட்டாளத்துக்குத்தான். நெடுநேரம் வாளாவிருந்தார். பிறகு, “மேல எதிரி எந்தப் பக்கம் இருப்பான்னு எங்களுக்குத் தெரியும். இந்தப் பையனுக்கு அதுகூடத் தெரியலையே” என்றார்.

சுமை இறக்குவது எங்கள் வேலை, அவர் ஆட்களுடையதன்று. அன்றிரவு தம் ஆட்களை அழைத்து வந்து எங்களோடு இறக்க வைத்தார். தாமும் நொண்டிக்கொண்டே மூட்டை எண்ணினார். மேலேயுள்ள நிலைகளுக்குக் களத் தொலைபேசியில் பேசும்போது, “ரேஷன் வரலைன்னா டிப்போக்காரனைத் திட்டாதீங்க, மொதல்ல வண்டி வந்து சேந்துச்சான்னு கேளுங்க” என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

இங்கே ஒன்றை ஒளிவின்றிச் சொல்லிவிட வேண்டும். நானும் அவரும் ஒன்றே என்று நான் கருதவில்லை. துப்பாக்கிக்கு எதிரே நெஞ்சைக் காட்டி நிற்பவனுக்கு ஒரு படி மேலான இடம் உண்டு. கிடங்குக் கணக்கன் அதில் பங்கு கேட்பது நாணயமன்று. அந்தச் சிறுவன் எழுந்து போனதும் அதனால்தான் சரி. ஆனால் படா கானா விருந்தில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்வதாலும், மேடையில் எல்லாரும் சமம் என்று முழங்குவதாலும் எங்களிடையே மதிப்பு வந்துவிடவில்லை. அந்த விருந்துகள் பலவற்றை நான் உண்டிருக்கிறேன். மறுநாள் காலை நான் ‘மாவு மூட்டை’தான், அவர்கள் எண்ணத் தெரியாதவர்கள்தாம். நான் மேலே போய்ச் சுவரைப் பார்த்தேன். அவர் கீழே இருந்து சாலையைப் பார்த்தார். அதன்பின் கேலி நிற்கவில்லை. ஆனால் அதில் நஞ்சு இல்லை.

அவர் முன்னதாக ஓய்வுபெற்று ஊருக்குப் போனார். 1989இல் அவருடைய மூத்த மகளுக்குத் திருமணம். விடுப்பெடுத்துக் குடும்பத்தோடு சென்றிருந்தேன். முதல்நாள் மாலை பந்தலில் நின்றுகொண்டிருந்த என்னைக் கைப்பிடியாக அழைத்துச் சென்று, தம் பங்காளிகள் அத்தனை பேர் நிற்க, உக்கிராண அறைச் சாவியை என் கையில் வைத்தார். மைத்துனர் ஒருவர், “இது யாரு மச்சான்?” என்று கேட்டார். “எனக்குச் சோறு போட்டவரு” என்றார் அவர்.

பிறகு என் காதருகே குனிந்து, “மண்ணெண்ணெய் டின்னை மட்டும் வெளிய வச்சிருங்க தம்பி” என்றார். நான் முன்பே வெளியே வைத்துவிட்டிருந்தேன்.